விழுந்தது ஏன்?

பேசிப் பார்ப்போம்

வீட்டில் ஒரு பொருள் உடைகிறது. நாம் முதலில் என்ன கேட்கிறோம்? "யார் உடைத்தது?" என்று கேட்கிறோம். "எப்படி உடைந்தது?" என்று கேட்பவர்கள் குறைவு. இந்த இரண்டு கேள்விகளும் ஒன்றா? பாடத்தைப் படியுங்கள். பிறகு பேசுவோம்.

காலி மனையில் சண்டை

ஐதராபாத் நகரின் ஒரு பகுதி மல்காஜ்கிரி. செகந்திராபாத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இங்கே இரயில் நிலையம் உண்டு. தெலுங்கு பேசும் மக்கள் நிறையப் பேர். பிழைப்புக்காக வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் உண்டு.

அப்படி ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து கொள்வோம். கதை கற்பனைதான். ஆனால் கதையில் வரும் காரணங்கள் உண்மையானவை.

அம்மா தையல் வேலை செய்பவர். மாலை வகுப்புக்குப் போய் எழுதப் படிக்கக் கற்றவர். மகன் ஐ.டி.ஐ. முடித்து ஒரு கடையில் செல்போன் பழுது பார்க்கிறான். அம்மாவின் அண்ணன் இரயில் எஞ்சின் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

மகனுக்கு டிரோன் மீது ஆசை. டிரோன் என்பது ஆள் ஏறாமல் பறக்கும் சிறிய விமானம். கீழே நின்றுகொண்டு கையில் உள்ள கருவியால் அதை ஓட்டலாம். அவன் பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கினான். தானே பூட்டினான். ஓராண்டுச் சேமிப்பு அதில் போயிற்று.

சங்கராந்தி முடிந்து மூன்றாம் நாள். ஐதராபாத்தில் சங்கராந்தி என்றால் பட்டம்தான். வானம் முழுவதும் பட்டம். மாடி முழுவதும் பிள்ளைகள்.

மாலையில் மகன் டிரோனைக் காலி மனைக்குக் கொண்டு போனான். டிரோன் மேலே எழுந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு கீழே வந்து மோதியது. ஒரு கை முறிந்தது. கேமரா உடைந்தது.

பக்கத்து வீட்டு மாடியில் ஒரு பையன் பட்டம் விட்டுக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வயது இருக்கும். மகன் கீழே இருந்து கத்தினான்.

"உன் மாஞ்சா நூல்தான் அறுத்துச்சு! இறங்கி வாடா!"

பையன் பயந்து இறங்கி வந்தான். மகன் அவன் சட்டையைப் பிடித்தான். பையனின் தாய் ஓடி வந்தார். அவர் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பிழைப்பவர்.

"என் பிள்ளை பட்டம் அந்தப் பக்கமே போகல அக்கா" என்றார் அவர்.

அம்மாவுக்கும் கோபம். ஓராண்டுச் சேமிப்பு அல்லவா!

"ஆசையா செஞ்சது. பாதிப் பணமாவது நீங்கதான் கொடுக்கணும்" என்றார்.

அந்தத் தாயின் முகம் வாடிவிட்டது. அவரிடம் ஏது பணம்?

சத்தம் கேட்டு மாமா வந்தார்.

"தங்கச்சி, கொஞ்சம் பொறு. நடு வழியில எஞ்சின் நின்னா நாங்க முதல்ல யாரையும் திட்ட மாட்டோம். எஞ்சினைப் பார்ப்போம். மாப்பிள்ளை, அந்தப் பையன் சட்டையை விடு. பேட்டரியைக் கழற்று. வேறு எதையும் தொடாதே."

டிரோன் எப்படிப் பறக்கிறது?

விழுந்த காரணம் தெரிய வேண்டும் என்றால், பறந்த காரணம் முதலில் தெரிய வேண்டும்.

இந்த டிரோனுக்கு நான்கு கைகள். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு மோட்டார். மோட்டாரின் மேலே ஒரு விசிறி. விசிறி சுழன்று காற்றைக் கீழே தள்ளுகிறது. அதனால் டிரோன் மேலே எழுகிறது.

இரண்டு விசிறிகள் கடிகார முள் போல வலமாகச் சுற்றும். மற்ற இரண்டும் இடமாகச் சுற்றும். எல்லாம் ஒரே பக்கம் சுற்றினால் என்ன ஆகும்? டிரோனின் உடல் எதிர்ப் பக்கம் பம்பரமாகச் சுற்றும். அதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு.

டிரோனின் நடுவில் ஒரு சிறு கம்ப்யூட்டர் இருக்கிறது. எந்த விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்று அது கணக்குப் போடுகிறது. ஒரு வினாடிக்குள் நூற்றுக்கணக்கான முறை போடுகிறது. நாலு பேர் நாலு மூலையில் கட்டிலைத் தூக்கிப் போவதை நினைத்துப் பாருங்கள். ஒருவர் கையை விட்டால் கட்டில் அந்தப் பக்கம் சாயும். டிரோனும் அப்படித்தான். ஒரு விசிறி நின்றால் அந்தப் பக்கம் சாய்ந்து கவிழ்ந்துவிடும்.

ஒவ்வொரு காரணமும் ஒரு தடயம் விடும்

மாமா ஒரு காகிதத்தை எடுத்தார். "எதனால விழலாம்னு எல்லாத்தையும் சொல்லு. ஒண்ணையும் விடாதே" என்றார். மகன் சொன்னான். அம்மா எழுதினார்.

1. மாஞ்சா நூல். நூல் பட்டால் விசிறியின் தண்டில் சுற்றிக்கொள்ளும். அந்த ஒரு விசிறி மட்டும் நிற்கும் அல்லது உடையும். டிரோன் கவிழ்ந்து கல் போல விழும்.

2. காற்று. பலமான காற்று அடித்தால் டிரோன் சாய்ந்து எதிர்த்து நிற்கப் பார்க்கும். முடியாவிட்டால் காற்று அதைத் தள்ளிக்கொண்டு போகும். வேறு இடத்தில் விழும்.

3. திசை தவறுதல். டிரோனில் திசைகாட்டி உண்டு. பக்கத்தில் பெரிய இரும்பு இருந்தாலும், பலமான மின்சாரம் ஓடினாலும் அது தவறாகக் காட்டும். அப்போது டிரோன் வழி தவறி வட்டமடிக்கும்.

4. மின்சாரம் அறுந்து போதல். பேட்டரியின் இணைப்பு கழன்றால் எல்லாம் ஒரே நொடியில் நிற்கும். டிரோனின் பதிவும் நடு வானத்திலேயே நின்றுவிடும்.

5. பேட்டரி பலம் குறைதல். நான்கு விசிறிகளும் சுற்றும். ஆனால் தூக்கி நிறுத்தப் போதுமான பலம் இருக்காது. டிரோன் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்து மோதும்.

"இப்போ தடயத்தைத் தேடுவோம்" என்றார் மாமா.

விசிறிகளைப் பார்த்தார்கள். இரண்டு விசிறிகளின் நுனி உடைந்திருந்தது. உடைந்த துண்டுகள் டிரோனின் பக்கத்திலேயே கிடந்தன. வானத்தில் உடைந்திருந்தால் துண்டுகள் தூரத்தில் சிதறியிருக்கும். நான்கு தண்டுகளையும் பார்த்தார்கள். ஒன்றிலும் நூல் இல்லை.

மகன் விடவில்லை. "மாமா, நான் கண்ணால பார்த்தேன். சட்டுனு கல்லு மாதிரி விழுந்துச்சு."

"கண்ணு பார்க்கும். ஆனா பதறின மனசு மாத்திச் சொல்லும்" என்றார் மாமா. "எஞ்சினுக்குப் பதிவேடு உண்டு. உன் டிரோனுக்கு ஏதாவது உண்டா?"

டிரோன் எழுதிய நாட்குறிப்பு

உண்டு. இப்படிப்பட்ட டிரோன் பறக்கும்போது எல்லாவற்றையும் பதிவு செய்கிறது. உயரம், சாய்வு, பேட்டரியின் பலம், ஒவ்வொரு மோட்டாருக்கும் போன கட்டளை, எல்லாம் அதில் இருக்கும். விரல் நகம் அளவுள்ள ஒரு மெமரி கார்டில் அந்தப் பதிவு இருக்கும்.

மகன் கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டான். எண்கள் வரிசையாக வந்தன. மாமாவுக்குக் கண்ணாடி இல்லை. மகனுக்குப் பதற்றம். அம்மா நிதானமாகப் படித்தார். முக்கியமான வரிகளை நோட்டில் எழுதினார்.

தொடக்கம்: உயரம் 0 மீட்டர். பேட்டரி 12.5 வோல்ட்.
30 வினாடி: உயரம் 20 மீட்டர். பேட்டரி 11.2 வோல்ட்.
60 வினாடி: உயரம் 20 மீட்டர். பேட்டரி 10.5 வோல்ட்.
75 வினாடி: உயரம் 20 மீட்டர். பேட்டரி 9.9 வோல்ட்.
78 வினாடி: உயரம் 17 மீட்டர். பேட்டரி 9.5 வோல்ட்.
82 வினாடி: உயரம் 9 மீட்டர். பேட்டரி 9.1 வோல்ட்.
85 வினாடி: உயரம் 0 மீட்டர். பேட்டரி 8.9 வோல்ட்.

அம்மா கேட்டார்: "75-ல 20 மீட்டர். 85-ல தரை. அப்போ இறங்க 10 வினாடி ஆகியிருக்கு. கல்லு விழ இவ்வளவு நேரம் ஆகுமா அண்ணே?"

நல்ல கேள்வி! 20 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கல் விழ சுமார் 2 வினாடிதான் ஆகும். டிரோன் 10 வினாடி எடுத்துக்கொண்டது. அப்படியானால் அது கல் போல விழவில்லை. விசிறிகள் சுற்றிக்கொண்டே இருந்திருக்கின்றன.

அடுத்து மோட்டார்களின் பதிவைப் பார்த்தார்கள். கடைசி 10 வினாடியும் நான்கு மோட்டார்களுக்கும் "முழு வேகம்" என்ற கட்டளை போயிருந்தது. நூல் ஒரு விசிறியைப் பிடித்திருந்தால் டிரோன் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். பதிவில் பெரிய சாய்வு இல்லை. டிரோன் நேராக இறங்கியிருந்தது.

பதிவு நடு வானத்தில் நிற்கவில்லை. தரையைத் தொடும் வரை இருந்தது. அதனால் மின்சாரம் அறுந்து போகவும் இல்லை. புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே விழுந்தது. அதனால் காற்றும் இல்லை, திசைத் தவறும் இல்லை.

மிஞ்சியது ஐந்தாவது காரணம்.

குறை எங்கே?

மகன் பேட்டரியைக் கையில் எடுத்தான். தட்டையாக இருக்க வேண்டிய பேட்டரி வயிறு உப்பியது போல இருந்தது.

"போன ஏப்ரல்ல முழுசா சார்ஜ் செஞ்சு பரண்ல வெச்சேன். இப்போதான் எடுத்தேன்" என்றான்.

பரணுக்கு மேலே தகரக் கூரை. ஐதராபாத் வெயில் கோடையில் 40 டிகிரியைத் தாண்டும். தகரத்தின் அடியில் சூடு இன்னும் அதிகம். இந்த வகை லித்தியம் பேட்டரியை முழுதாக ஏற்றி, சூட்டில் மாதக்கணக்கில் வைத்தால் அது உள்ளேயே கெட்டுவிடும்.

"ஆனா சார்ஜர் நிறைஞ்சிருச்சுன்னு காட்டுச்சே" என்றான் மகன்.

மாமா விளக்கினார். "மாடியில தண்ணித் தொட்டி நிறைஞ்சிருக்கும். ஆனா குழாய் உள்ளே துரு அடைச்சிருந்தா? ஒரு குழாயைத் திறந்தா தண்ணி வரும். நாலையும் திறந்தா சொட்டுத்தான். உன் பேட்டரியும் அதுதான். சும்மா இருக்கும்போது 12.5 காட்டும். நாலு மோட்டாரும் இழுத்தா பலம் இறங்கிடும்."

இந்த பேட்டரியில் மூன்று அறைகள் உண்டு. முழுதாக ஏற்றினால் 12.6 வோல்ட் காட்டும். பறக்கும்போது 10.5-க்கு வந்தால் இறக்கிவிட வேண்டும் என்று மகன் குறித்து வைத்திருந்தான். அந்த எண் 60-வது வினாடியிலேயே வந்துவிட்டது. அதன் பிறகும் 15 வினாடி டிரோன் மேலேயே நின்றது. அந்த நேரத்தில் இறக்கியிருந்தால் டிரோன் பிழைத்திருக்கும்.

"எச்சரிக்கை மணி அடிக்கலையா?" என்றார் அம்மா.

மகன் தலை குனிந்தான். "சத்தம் தொல்லையா இருக்குன்னு நிறுத்தி வெச்சிருந்தேன்."

பார்த்தீர்களா? ஒரு விபத்துக்கு ஒரே காரணம் என்று இருப்பதில்லை. பேட்டரியைச் சூட்டில் வைத்தது ஒன்று. உப்பியதைப் பார்க்காமல் பூட்டியது இரண்டு. மணியை நிறுத்தியது மூன்று. சங்கிலி போல ஒன்றோடு ஒன்று சேர்ந்தன. இதில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் டிரோன் விழுந்திருக்காது.

அந்தப் பன்னிரண்டு வயதுப் பையன் இந்தச் சங்கிலியில் எங்கேயும் இல்லை.

மகன் பக்கத்து வீட்டுக்குப் போனான். அம்மாவும் கூடப் போனார்.

"தம்பி, தப்பு என் மேலதான். அவசரப்பட்டு உன் மேல பழி போட்டுட்டேன்" என்றான் மகன்.

அம்மா அந்தத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டார். "பணம் கேட்டது என் தப்பு. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார்.

பெரிய ராக்கெட்டும் விழுந்தது

சிறு டிரோனுக்கு மட்டுமா இப்படி? நாட்டின் பெரிய ராக்கெட்டும் ஒரு முறை விழுந்தது. அதைச் செய்த குழுவின் தலைவர் ஒரு தமிழர். பிறகு ஐதராபாத்தில் பத்தாண்டுகள் வேலை பார்த்தவர். இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம்தான் அவர்.

1979 ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி.-3 என்ற ராக்கெட் முதன்முதலாகப் புறப்பட்டது. அதற்கு நான்கு அடுக்குகள். முதல் அடுக்கு நன்றாக வேலை செய்தது. இரண்டாம் அடுக்கில் ராக்கெட் கட்டுப்பாட்டை இழந்தது. 317 வினாடிகளில் எல்லாம் முடிந்தது. ராக்கெட் கடலில் விழுந்தது.

அறிவியலாளர்கள் ஒருவரை ஒருவர் குறை கூறிக்கொண்டு நிற்கவில்லை. ராக்கெட் பறக்கும்போது வானொலி அலை மூலம் அனுப்பிய பதிவுகளை எடுத்தார்கள். வினாடி வினாடியாகப் படித்தார்கள். காரணம் கிடைத்தது. இரண்டாம் அடுக்கை நேராகச் செலுத்த ஓர் அமிலம் தேவை. அந்த அமிலத்தின் பாதையில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. அமிலம் கசிந்து வீணாகிவிட்டது. வேண்டிய நேரத்தில் அமிலம் இல்லை.

அப்போது விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவர் சதீஷ் தவான். அவர் பத்திரிகையாளர்கள் முன்னால் வந்து தோல்விக்குத் தாமே பொறுப்பு ஏற்றார். கலாம் இதைப் பல மேடைகளில் நினைவு கூர்ந்திருக்கிறார்.

குறையைத் திருத்தினார்கள். 1980 ஜூலை 18-ல் எஸ்.எல்.வி.-3 மீண்டும் பறந்தது. ரோகிணி என்ற செயற்கைக்கோளை விண்ணில் நிறுத்தியது. அன்று பத்திரிகையாளர்களிடம் பேசும்படி தவான் கலாமை அனுப்பினார். 1982-ல் கலாம் ஐதராபாத்துக்கு வந்து பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடம் ஒன்றின் இயக்குநர் ஆனார்.

427 டிரோன்கள்

காற்றை யாரும் லேசாக நினைக்கக்கூடாது. 2023 ஜூலை 14-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஒரு வேடிக்கை நடந்தது. 500 டிரோன்கள் விளக்கேற்றிக்கொண்டு இரவு வானில் படம் காட்ட வேண்டும். ஆனால் 427 டிரோன்கள் தண்ணீரில் விழுந்தன.

அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு அலுவலகம் பதிவுகளை ஆராய்ந்தது. உயரத்தில் காற்றின் வேகம் டிரோன்கள் தாங்கும் அளவைத் தாண்டியிருந்தது. தரையில் இலை அசையாமல் இருக்கலாம். மேலே காற்று பலமாக இருக்கலாம். தண்ணீருக்கு மேலே பறந்ததால் ஒருவருக்கும் காயம் இல்லை. கூட்டத்தின் மேலே பறந்திருந்தால்?

சட்டமும் தெரிய வேண்டும்

மாமா கடைசியாக ஒன்று கேட்டார். "இங்கே பறக்க விடலாமான்னு பார்த்தியா?" மகன் பார்க்கவில்லை. டிரோன் விழுந்ததற்கு இது காரணம் இல்லை. ஆனாலும் இதுவும் தவறுதான்.

இந்திய அரசு 2021-ல் டிரோன் விதிகளை வெளியிட்டது. அதன்படி நாட்டின் வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கப்பட்டுள்ளது. மஞ்சளிலும் சிவப்பிலும் அனுமதி இல்லாமல் பறக்க விடக்கூடாது. எந்த இடம் எந்த நிறம் என்பதை அரசின் வரைபடத்தில் பார்க்கலாம். மல்காஜ்கிரியைச் சுற்றி பேகம்பேட்டை விமான நிலையம், ஹகீம்பேட்டை விமானப்படைத் தளம், செகந்திராபாத் இராணுவப் பகுதிகள் எல்லாம் இருக்கின்றன. இங்கே வரைபடத்தைப் பார்க்காமல் டிரோனைக் கையில் எடுக்கக்கூடாது.

மாஞ்சாவைப் பற்றியும் ஒரு சொல். இந்தக் கதையில் மாஞ்சா குற்றவாளி இல்லை. ஆனால் நைலான் மாஞ்சா பறவைகளின் இறக்கையை அறுக்கும். வண்டியில் போகிறவர் கழுத்தையும் அறுக்கும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-ல் அதைத் தடை செய்தது. பருத்தி நூலே போதும்.

அம்மா எழுதிய பட்டியல்

அம்மா ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதினார். அதை டிரோன் பெட்டியின் மூடியில் ஒட்டினார்.

1. வரைபடம் பார்.
2. பேட்டரி உப்பியிருந்தால் பூட்டாதே.
3. விசிறிகளில் கீறல் உண்டா, பார்.
4. எச்சரிக்கை மணியை நிறுத்தாதே.
5. காற்று பார். ஆட்கள் இல்லாத இடம் பார்.
6. பறக்காத நாளில் பேட்டரியைப் பாதி அளவு ஏற்றி, நிழலில் வை.

உப்பிய பேட்டரியைக் குத்தக்கூடாது. குப்பையிலும் போடக்கூடாது. அது தீப்பிடிக்கும். மணல் போட்ட பாத்திரத்தில் தனியாக வைத்து, மின்னணுக் கழிவு சேகரிப்பவரிடம் கொடுக்க வேண்டும்.

நினைவில் வைப்போம்

ஒரு பொருள் விழுந்தால் "யார்?" என்று கேட்காதீர்கள். "எப்படி?" என்று கேளுங்கள். "யார்?" என்ற கேள்வி சண்டையில் முடியும். "எப்படி?" என்ற கேள்வி காரணத்தில் முடியும். காரணம் தெரிந்தால் அடுத்த முறை விழாது.

புதிய சொற்கள்

டிரோன் – ஆள் ஏறாமல் பறக்கும் சிறு விமானம்
தடயம் – நடந்ததைக் காட்டும் அடையாளம்
பதிவு – நடந்ததை அப்படியே குறித்து வைப்பது
வோல்ட் – மின் அழுத்தத்தின் அளவு

விடை சொல்லுங்கள்

1. டிரோன் கல் போல விழவில்லை என்பது எப்படித் தெரிந்தது?
2. எத்தனையாவது வினாடியில் டிரோனை இறக்கியிருக்க வேண்டும்?
3. எஸ்.எல்.வி.-3 முதல் முறை விழுந்ததற்கு என்ன காரணம்?
4. அந்தப் பையன் மீது பழி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பேசுங்கள்.

கணக்குப் போடுங்கள்

78-வது வினாடியில் உயரம் 17 மீட்டர். 82-வது வினாடியில் 9 மீட்டர். 4 வினாடியில் எத்தனை மீட்டர் இறங்கியது? ஒரு வினாடிக்கு எத்தனை மீட்டர்?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் அல்லது தெருவில் அண்மையில் ஏதாவது பழுதானதா? மிக்சியோ, சைக்கிளோ, குழாயோ, எதுவாகவும் இருக்கலாம். என்னென்ன காரணம் இருக்கலாம் என்று வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு காரணத்துக்கும் எதிரே அதற்கான தடயத்தை எழுதுங்கள். தடயம் இல்லாத காரணத்தை அடித்துவிடுங்கள். மிஞ்சுவது என்ன? அடுத்த வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.